அமெச்சூர் நட்சத்திரத்தின் தொழில்முறைக் குத்துச்சண்டையை எடைபோடுவது எப்படி? லோமசெங்கோவை வைத்து ஒரு வழிகாட்டி

ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒருவர் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தவுடன் அவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் கிளம்பிவிடுகின்றன. பதக்கத்தைக் காட்டி, இவரை யாராலும் அசைக்க முடியாது என்கிறது ஒரு தரப்பு. இவருடையது புள்ளிக்காகத் தொட்டுவிட்டு விலகும் ஆட்டம், முரட்டு அடி விழுந்தால் கலைந்துவிடும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுமே சண்டையைப் பார்க்காமல் சொல்லக்கூடிய தீர்ப்புகள் என்பதால் புதிய பார்வையாளருக்கு இவற்றால் பயனில்லை. அவர் கேட்க வேண்டியது வேறு: அமெச்சூர் காலத்துப் பழக்கங்களில் எவற்றை இந்த வீரர் கைவிட்டார், எவற்றை வைத்துக்கொண்டார், வைத்துக்கொண்ட பழக்கத்துக்கு எந்தச் சுற்றில் என்ன விலை கொடுத்தார்?

இதைப் பழகிக்கொள்ள உக்ரைனின் வசில் லோமசெங்கோவைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. 2008 பெய்ஜிங்கில் 57 கிலோ பிரிவிலும் 2012 லண்டனில் 60 கிலோ பிரிவிலும் தங்கம் வென்றவர் அவர். அமெச்சூர் கணக்கில் 396 வெற்றிகளும் ஒரே ஒரு தோல்வியும் என்று சொல்லப்படுகிறது. அந்தத் தோல்வியும் 2007 சிகாகோ உலகச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் அல்பர்ட் செலிமோவிடம் வந்தது, பின்னர் அவரை லோமசெங்கோ வென்றும் விட்டார். 2013 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்து 2025-இல் ஓய்வை அறிவித்தபோது அவர் பெயரில் 18 வெற்றிகளும் 3 தோல்விகளும் இருந்தன. முடிந்துபோன வாழ்க்கை என்பதால் முழுவதையும் வரிசையாகப் பார்க்க முடிகிறது. நடந்துகொண்டிருக்கும் வாழ்க்கையை எடைபோடும்போது ஒவ்வொரு சண்டைக்கும் தீர்ப்பு மாறிக்கொண்டே இருக்கும்.

முதல் படி: அவர் எந்த விதியின் கீழ் வளர்ந்தார் என்று பாருங்கள்

பதக்கத்தின் நிறத்தைவிட அது வெல்லப்பட்ட ஆண்டு அதிகம் சொல்லும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்ஸ் ஜூனியருக்கு இழைக்கப்பட்ட அநியாயத் தீர்ப்பு உலகெங்கும் கண்டிக்கப்பட்ட பின், 1992 பார்சிலோனா முதல் 2012 லண்டன் வரை ஒலிம்பிக்கில் கணினி மதிப்பெண் முறை இருந்தது. சுத்தமான குத்து விழுந்ததாகக் கருதும் மதிப்பெண் நடுவர் பொத்தானை அழுத்த வேண்டும். ஐவரில் மூவர் ஏறத்தாழ ஒரே நொடியில் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. அந்தக் குத்து எதிராளியை உலுக்கியதா, லேசாகத் தலையைத் தொட்டதா என்பது புள்ளியை மாற்றாது. விலாவில் விழும் குத்தை, இருவரும் நெருங்கி நிற்கும் வேளையில், மேடையின் வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்திருக்கும் மூவர் ஒருசேரக் காண்பதும் கடினம். நான்கு குத்துகளை அடுத்தடுத்துப் போட்டாலும் பொத்தானை அழுத்தும் வேகத்துக்கு ஒன்றிரண்டுதான் கணக்கில் ஏறும்.

இப்படிப்பட்ட முறை வீரர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. தலையை நோக்கிய நேரான குத்து, நடுவர்களின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படியான இடைவெளி, புள்ளி கிடைத்ததும் எட்ட விலகும் கால்கள், முன்னிலை பெற்றபின் அதைக் காப்பாற்றும் எச்சரிக்கை ஆகியவை வளரும். உடற்பகுதியைத் தாக்குவதும், நெருங்கி நின்று மல்லுக்கட்டுவதும் தேயும். சுற்றுகளின் அளவும் அப்படித்தான்: 2000 முதல் 2008 வரையிலான ஒலிம்பிக்குகளில் 2 நிமிடச் சுற்றுகள் நான்கு, லண்டனில் 3 நிமிடச் சுற்றுகள் மூன்று. ஆக மொத்தம் 8 அல்லது 9 நிமிட வேலை. தொழில்முறை உலகப் பட்டச் சண்டையோ 12 சுற்றுகள், 36 நிமிடங்கள். லோமசெங்கோவின் எடையில் தொழில்முறைக் கையுறை 8 அவுன்ஸ். அமெச்சூரில் அணிந்தது 10 அவுன்ஸ், அத்துடன் தலைக்கவசமும் இருந்தது.

2013-இல் அமெச்சூர் குத்துச்சண்டையும், தொழில்முறையைப் போலச் சுற்றை வென்றவருக்கு 10 புள்ளி தரும் முறைக்கு மாறியது. ஆண்களுக்குத் தலைக்கவசமும் நீக்கப்பட்டது. ஆகவே 2016 ரியோவிலும் அதற்குப் பின்னும் பதக்கம் வென்றவர்களிடம் மேற்சொன்ன பழக்கங்கள் அதே அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாம் படி: பார்க்க வேண்டிய சண்டைகளைத் தேர்ந்தெடுங்கள்

நாக்அவுட் தொகுப்புக் காணொளிகளை ஒதுக்கிவிடுங்கள். நட்சத்திரத்தை வளர்த்தெடுக்க விரும்பும் சண்டை அமைப்பாளர் (புரமோட்டர்), தொடக்கத்தில் அவர் எளிதில் வெல்லக்கூடிய எதிராளிகளையே தேடிக் கொடுப்பார். அது தொழிலின் இயல்பு, குற்றமல்ல. ஆனால் அந்தச் சண்டைகளை வைத்துப் பாணியை எடைபோட முடியாது. இந்திய வாசகர்களுக்கு நன்கு தெரிந்த விஜேந்தர் சிங்கையே எடுத்துக்கொள்ளலாம். 2008 பெய்ஜிங்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற அவர், 2015 அக்டோபரில், ஏறத்தாழ 30 வயதில், மான்செஸ்டரில் தொழில்முறைக் கணக்கைத் தொடங்கினார். அடுத்தடுத்து 12 வெற்றிகள் வந்தன. 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்யாவின் அர்திஷ் லோப்சான் ஐந்தாம் சுற்றில் அந்த வரிசையை முடித்துவைத்தார். அந்த 12 வெற்றிகளில் அவருடைய பாணியை உண்மையில் சோதித்தவை எத்தனை என்று கேட்டால், என் கணிப்பில் கெர்ரி ஹோப்புடனும் சுல்பிகார் மைமைதியாலியுடனும் நடந்தவை போன்ற, முழுத் தொலைவுக்கு நீண்ட ஓரிரு சண்டைகளே தேறும். தோல்வியற்ற கணக்கு என்பதற்கு அந்த அளவுதான் மதிப்பு.

நல்ல சோதனைக்குரிய சண்டைகள் மூன்று வகைப்படும்: எதிராளி விடாமல் நெருக்கியவை, எதிராளி தன்னைவிடப் பெரிய உடல் கொண்டவராக இருந்தவை, எதிராளியும் சிந்தித்து ஆடுபவராக இருந்தவை. லோமசெங்கோவுக்கு முதல் வகைக்கு 2014 ஓர்லாந்தோ சலிதோ, இரண்டாம் வகைக்கு 2018 ஹோர்ஹே லினாரெஸ், மூன்றாம் வகைக்கு 2020 தியோஃபிமோ லோபெஸ். சுவாரசியத்துக்காக 2016-இல் நிக்கலஸ் வால்டர்ஸுடன் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏனென்றால் இந்தப் பாணி முழுமையாக வேலை செய்யும்போது எப்படியிருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டுமே.

மூன்றாம் படி: முதல் முறை கால்களை மட்டும் பாருங்கள்

வர்ணனையின் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் ஒரு வீரரிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டால் அவருடைய தவறிய குத்தும் கேட்பவருக்கு விழுந்த குத்தாகிவிடும்; லோமசெங்கோவின் சண்டைகளில் இது அடிக்கடி நடந்தது.

லோமசெங்கோ வலது காலையும் வலது கையையும் முன்னே வைத்து நிற்கும் சவுத்பா. வழக்கமான நிலையில் நிற்கும் எதிராளியின் இடது காலுக்கு வெளிப்புறமாகத் தன் வலது காலை ஊன்றுவதே அவருடைய முதல் வேலை. அப்படி ஊன்றிவிட்டால் அவருடைய இடது கை எதிராளியின் முகத்துக்கு நேராக வந்துவிடுகிறது. எதிராளியின் வலது கையோ தூரமாகிவிடுகிறது. அடுத்து, முன்னாலுள்ள வலது கையால் எதிராளியின் கையுறைகளைத் தட்டியும் மறைத்தும் கவனத்தை அங்கேயே கட்டிவைத்து, அந்த இடைவேளையில் எதிராளியின் இடது தோளைச் சுற்றிப் பக்கவாட்டுக்குப் போய்விடுவார். எதிராளி திரும்பி முடிப்பதற்குள் இரண்டு மூன்று குத்துகள் விழுந்திருக்கும். சிறுவயதில் அவருடைய தந்தையும் பயிற்சியாளருமான அனடோலி, குத்துச்சண்டைப் பயிற்சியைச் சில காலம் நிறுத்திவிட்டு உக்ரைனிய நாட்டுப்புற நடனம் கற்க அனுப்பியதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது அழகையல்ல, திசையை. புள்ளி எடுக்கும் அமெச்சூர் வீரர் குத்தியபின் பின்னோக்கி விலகுவார். லோமசெங்கோ குத்தியபின் பக்கவாட்டில் விலகி, குத்தும் தொலைவிலேயே நிற்கிறார். பின்னோக்கி விலகுபவர் மீண்டும் நெருங்குவதற்கு ஒவ்வொரு முறையும் ஆபத்தான இடைவெளியைக் கடக்க வேண்டும். பக்கவாட்டில் விலகுபவருக்கு அந்தச் செலவு இல்லை. வால்டர்ஸ் சண்டையின் ஏழு சுற்றுகளில் இதைத் தெளிவாகக் காணலாம். அடுத்த சுற்றுக்கு வால்டர்ஸ் நாற்காலியிலிருந்து எழவில்லை. அடுத்தடுத்த எதிராளிகளான சோசா, மரியாகா, ரிகோண்டோ ஆகியோருடனான சண்டைகளும் சுற்றுகளுக்கு இடையிலேயே முடிந்தன. அவர்கள் யாரும் ஒரே அடியில் சாய்ந்தவர்கள் அல்லர். வழி தெரியாமல் நின்றவர்கள் என்று சொல்வதே பொருந்தும், ரிகோண்டோ கைக் காயத்தைக் காரணமாகச் சொன்னபோதிலும்.

நான்காம் படி: இரண்டாம் முறை உடற்பகுதியையும் நெருக்கத்தையும் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அமெச்சூர் நட்சத்திரங்கள் தொழில்முறையில் முதலில் திணறும் இடம் இதுதான்.

2014 மார்ச் 1 அன்று டெக்சஸின் சான் அன்டோனியோவில் நடந்த சலிதோ சண்டை, லோமசெங்கோவுக்கு இரண்டாவது தொழில்முறைச் சண்டை மட்டுமே. சலிதோவின் கணக்கில் அப்போதே பத்துக்கு மேற்பட்ட தோல்விகள் இருந்தன; காகிதத்தில் பார்த்தால் இது சமமான போட்டியே அல்ல. 126 பவுண்டு வரம்புக்கு அவர் இரண்டு பவுண்டுக்கு மேல் கூடுதலாக வந்து, தராசிலேயே தன் உலகப் பட்டத்தை இழந்தார். சண்டை நடந்த இரவில் 147 பவுண்டுடன் வளையத்துக்குள் ஏறினார், லோமசெங்கோ 136. சலிதோ தொடக்கத்திலிருந்தே தலையைத் தேடவில்லை. விலாவையும் இடுப்பையும் தோள்களையும், பல நேரங்களில் இடுப்புக்குக் கீழேயும் குத்தினார். வளைய நடுவர் அதைக் கண்டிக்கவில்லை. நெருங்கி வந்தவரைக் கட்டிப்பிடித்து நிறுத்துவதா, தோளால் தள்ளித் திருப்புவதா, திருப்பிக் குத்துவதா என்று லோமசெங்கோவுக்குப் பாதிச் சண்டைவரை முடிவெடுக்க முடியவில்லை. அமெச்சூரில் நடுவர் உடனுக்குடன் பிரித்துவிடுவார். இங்கே பிரிக்கும்வரை உழைத்தவருக்கே சுற்று. கடைசிச் சுற்றுகளில் அவர் வேகமெடுத்து, பன்னிரண்டாம் சுற்றில் சலிதோவைத் தள்ளாட வைத்தார். ஆனாலும் மதிப்பெண் நடுவர் மூவரில் இருவர் 116–112, 115–113 என்று சலிதோவுக்கும், ஒருவர் 115–113 என்று லோமசெங்கோவுக்கும் கொடுத்தனர்.

இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு எடைக் கணக்கையும் விதிமீறல்களையும் மட்டும் பேசினால் பாதி உண்மையை விட்டுவிடுகிறோம். அவை நடந்தன, அநியாயமானவையும்கூட. ஆனால் முதல் பாதியை விட்டுக்கொடுத்தது லோமசெங்கோவின் சொந்தக் குறை. பார்வையாளர் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறித்துக்கொண்டபின் அடுத்த சண்டைக்குப் போங்கள். 2014 ஜூனில் கலிஃபோர்னியாவின் கார்சனில் கேரி ரஸ்ஸல் ஜூனியருடன் மோதி, மூன்றாவது சண்டையிலேயே உலகப் பட்டம் வென்றார். அமெச்சூர் நட்சத்திரமாக இருந்து வந்த ரஸ்ஸலின் கை வேகம் பேர்பெற்றது. அந்த வேகத்தோடு போட்டியிடாமல் லோமசெங்கோ முன்னேறிச் சென்று உடற்பகுதியில் குத்தினார். நான்கு மாதங்களுக்குள் ஒருவர் எதை மாற்றிக்கொண்டார் என்பதைப் அருகருகே வைத்துப் பார்க்க இவ்வளவு நல்ல வாய்ப்பு அபூர்வம். 2018 மே மாதத்தில் லினாரெஸை வீழ்த்தியதும் பத்தாம் சுற்றில் விலாவுக்குக் கீழே விழுந்த ஒரு இடதுகைக் குத்துதான். கணினி மதிப்பெண் காலத்தில் வளர்ந்தவர் அப்படி ஒரு முடிவை எழுதுவது, கற்றுக்கொண்டதற்கான சான்று.

ஐந்தாம் படி: கையில் காகிதம் வைத்து மதிப்பெண் போடுங்கள்

சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. கீழே விழுந்தவருக்குப் பொதுவாக 8. 12 சுற்றுச் சண்டையில் விழுதல்கள் இல்லாவிட்டால் 115–113 என்பது 7 சுற்றுக்கு 5, 116–112 என்பது 8-க்கு 4, 119–109 என்பது 11-க்கு 1. ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் எழுதிவிட வேண்டும். பின்னர் திரும்பி வந்து திருத்தக் கூடாது. சுத்தமாக விழுந்த குத்துகளையே முதலில் கணக்கிடுங்கள். பயன் தந்த முன்னேற்றம், வளையத்தைக் கட்டுப்படுத்தியவர் யார், தற்காப்பு ஆகியவற்றை அதன்பின் பாருங்கள்.

2020 அக்டோபர் 17 அன்று லாஸ் வேகாஸில் நடந்த லோபெஸ் சண்டைக்கு இதைச் செய்து பாருங்கள். முதல் ஏழு சுற்றுகளில் லோமசெங்கோ மிகக் குறைவாகவே குத்தினார். எதிராளியைப் படித்துக்கொண்டிருந்தார் என்று அவருடைய ரசிகர்கள் சொல்வார்கள். லோபெஸின் பெரிய உடலும் வலது கையும் அவரை வழக்கமான இடத்தில் காலூன்ற விடவில்லை என்பது என் வாசிப்பு. எட்டாம் சுற்றிலிருந்து அவர் வேகமெடுத்தார். பன்னிரண்டாம் சுற்றை லோபெஸ் மீண்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நடுவர்களின் மதிப்பெண் அட்டைகள் லோபெஸுக்கு 116–112, 117–111, 119–109. கடைசி அட்டை மிகையானது என்று பலர் வாதிட்டார்கள், நானும் அதை ஏற்கிறேன். ஆயினும் அந்த அட்டையைத் திட்டுவதில் காலம் கழிப்பவர்கள் முக்கியமானதைத் தவறவிடுகிறார்கள்: 2014-இல் கண்ட மெதுவான தொடக்கம் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாமல் இருந்தது. எதிராளியைப் படிக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது தன்னைவிடக் குறைந்தவரிடம் செலவாகத் தெரியாது. தனக்குச் சமமானவரிடம் ஏழு சுற்றுகளை எழுதிக் கொடுத்ததாகிவிடும். சண்டைக்குப் பின் தோள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார் என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்கலாம். அதனால் முதல் பாதியின் கணக்கு மாறப் போவதில்லை.

ஆறாம் படி: பாணியின் குறையையும் உடலின் எல்லையையும் பிரித்து எழுதுங்கள்

லினாரெஸ் ஆறாம் சுற்றில் ஒரு நேர் வலதுகைக் குத்தால் லோமசெங்கோவைக் கீழே உட்கார வைத்தார். பத்தாம் சுற்றில் சண்டை நின்றபோது மூன்று அட்டைகளில் ஒன்று லோமசெங்கோவுக்கு 86–84, ஒன்று லினாரெஸுக்கு 86–84, ஒன்று 85–85. இதை வைத்து அவருடைய தற்காப்பு ஓட்டை என்று எழுதியவர்கள் உண்டு. அவர் 126 பவுண்டில் தொடங்கி 130 வழியாக 135-க்கு ஏறியவர், தம்மைவிட உயரமும் கை நீளமும் கொண்டவரை எதிர்கொண்டார் என்பதைக் கணக்கில் எடுத்தால் தீர்ப்பு வேறாகும். அதே நியாயம் எதிர்த்திசையிலும் பொருந்த வேண்டும்: 2017 டிசம்பரில் லோமசெங்கோவிடம் சரணடைந்த கியூபாவின் கிய்யெர்மோ ரிகோண்டோ 122-லிருந்து இரண்டு பிரிவுகள் ஏறி வந்தவர். அந்த வெற்றியை லோமசெங்கோவின் உச்சமாகக் கொண்டாடுவது எனக்குச் சற்று அதிகமாகவே படுகிறது.

ரிகோண்டோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் என இரு தங்கங்கள் வென்ற அவர், லோமசெங்கோவைப் போல மாறவே இல்லை. அமெச்சூர் ஆட்டத்தைக் கூர்தீட்டி அப்படியே கொண்டுவந்தார். 2013 ஏப்ரலில் நியூயார்க்கில் நோனிடோ டொனேரை, பத்தாம் சுற்றில் ஒருமுறை விழுந்தபோதிலும், 12 சுற்றுகளில் மூன்று அட்டைகளிலும் வென்றார். டொனேர் அப்போது உலகின் மிகச் சிறந்தவர்களில் ஒருவராகக் கருதப்பட்டவர். ஆனால் தொலைக்காட்சிக்கும் சண்டை அமைப்பாளருக்கும் அந்த வெற்றி இனிக்கவில்லை. சலிப்பான ஆட்டம் என்ற முத்திரை விழுந்தது, பெரிய சண்டைகள் வருவது குறைந்தது. ஒரு பாணி வெல்கிறதா என்பதும் விற்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். ‘தொழில்முறைக்கு ஏற்ற பாணியல்ல’ என்று யாராவது எழுதினால், எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறார் என்று பாருங்கள்.

கடைசிப் படி: பயிற்சிக்குச் சில சண்டைகள்

இவற்றைச் செய்து பழகியபின், தீர்ப்பை வேறொருவர் சொல்லக் கேட்பதற்குமுன் நீங்களே எழுதிப் பார்க்க இரண்டு பரிந்துரைகள். ஒன்று, 2023 மே மாதம் டெவின் ஹேனியுடன் லோமசெங்கோ மோதியது: 116–112, 115–113, 115–113 என்று மூவரும் ஹேனிக்குக் கொடுத்தனர், அரங்கில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஹேனி உடற்பகுதியைத் தாக்கிய சுற்றுகளை எப்படி மதிப்பிடுகிறீர்கள் என்பதிலேயே உங்கள் அட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும்.

மற்றொன்று சிறியது, தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு எளிது. கியூபாவின் ரோபேசி ராமிரெஸ் 2012-இலும் 2016-இலும் தங்கம் வென்றவர். ரியோ இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற ஷகூர் ஸ்டீவன்சன் 2019-இல் தொழில்முறை உலகப் பட்டமே வென்றுவிட்டார். அதே 2019 ஆகஸ்டில் ராமிரெஸ் தம் முதல் தொழில்முறைச் சண்டையில், வெறும் நான்கு சுற்றுகளில், அதிகம் அறியப்படாத அடான் கொன்சாலெஸிடம் முதல் சுற்றிலேயே விழுந்து, நடுவர்கள் இருவருக்கு ஒருவர் எனப் பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். 2020 ஜூலையில் அதே கொன்சாலெஸை வென்றார். 2023-இல் உலகச் சாம்பியனாகவும் ஆனார். எதிராளி அதே ஆள் என்பதால், இரண்டு சண்டைகளுக்கும் இடையில் மாறியதெல்லாம் பெரும்பாலும் ராமிரெஸிடம் மாறியதுதான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, முதலில் கால்களையும் பிறகு நெருக்கத்தில் அவர் செய்வதையும் பாருங்கள். இரண்டும் சேர்த்து 10 சுற்றுகள்தான், ஒரு மாலைப்பொழுது போதும்.